செம்பில் கிடந்த வெள்ளி ரூபாய்: விற்பதா, வைப்பதா?

கேள்வி: எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். பாட்டி காலமான பிறகு பரணில் இருந்த பித்தளைச் செம்பில் 23 வெள்ளி ரூபாய், யானை போட்ட செப்புக் காசு ஆறு, 1818 என்று பொறித்த ராமர் பட்டாபிஷேகக் காசு ஒன்று கிடைத்தன. ராமர் காசை 14 லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். முதலில் பதிவுக் கட்டணம் 2,500 அனுப்ப வேண்டுமாம். மற்ற காசுகளைப் புளி போட்டு விளக்கலாமா? மாதம் 3,000 ரூபாய்க்கு இப்படிக் காசு வாங்கிச் சேர்த்தால் ஏழு வயது மகளின் கல்யாணத்துக்கு ஆகுமா? கிணறு வெட்டும்போது கிடைத்தது என்று ஊரில் ஒருவர் பழங்காசு கொண்டுவந்து விலை பேசுகிறார். வாங்கலாமா?

பதில்: அந்த 2,500 ரூபாயை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். பழைய காசு, நோட்டு வாங்கும் வேலையில் தான் இல்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. உண்மையில் வாங்குகிறவர் பணம் கொடுப்பார், கேட்க மாட்டார்.

ராமர் காசைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்: அது காசே அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ராமர், அனுமன் உருவம் போட்டு 1818-இல் எந்த நாணயமும் அடிக்கவில்லை. இவை கோயில் வாசலில் விற்ற வில்லைகள். ‘அரிசியை இழுக்கும் காசு’ என்று நம் பக்கத்தில் ரைஸ் புல்லிங் கும்பல் காட்டி ஏமாற்றும் பொருள்களில் இவையும் உண்டு. பூஜை அறையில் வையுங்கள்; தப்பில்லை.

இனி வெள்ளி ரூபாய். பழசு என்பதாலேயே காசுக்கு விலை ஏறிவிடாது. 1808-இல் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 10 காசு செப்பு நாணயம் இருநூறு வயது தாண்டியது. ஆனாலும் மலிவாகவே கிடைக்கிறது. அதை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கியது. பிற்காலத்தில் கடலடியிலிருந்து லட்சக்கணக்கில் அள்ளி எடுத்தார்கள். எத்தனை மிச்சம், எந்த நிலையில், எத்தனை பேர் தேடுகிறார்கள்: விலை இந்த மூன்றில் நிற்கிறது.

உங்கள் 23 காசையும் ராணி தலை, ராஜா தலை என்று பிரித்து, ஆண்டுவாரியாக அடுக்குங்கள். 1862 என்று போட்ட ராணி ரூபாய் நிறைய இருந்தால் மயங்க வேண்டாம். ஆண்டு எண்ணை மாற்றாமலே பல வருடம் அடித்தார்கள். ஆனால் அவற்றில் சிலவற்றில் ஆண்டு எண்ணை ஒட்டிச் சிறு புள்ளிகள் இருக்கும். புள்ளியின் எண்ணிக்கையும் இடமும் மாறினால் விலையும் மாறும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 1911 இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். ராஜாவின் அங்கியில் உள்ள யானைக்குத் தும்பிக்கை குட்டையாகப் போய்ப் பன்றி மாதிரித் தெரிந்ததால் எதிர்ப்பு வந்து, அடுத்த ஆண்டு அச்சைத் திருத்தினார்கள். 1939 ரூபாய் அதைவிட அரிது. அதனால்தான் 1938-இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய போலிகளும் சந்தையில் உலவுகின்றன.

நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். 11.66 கிராம் சரியான எடை. தேய்ந்தது கொஞ்சம் குறையும். 1939 வரை உள்ளதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது காசுக்கு ஏறக்குறைய 10.7 கிராம். 1940 முதல் 1945 வரை உள்ளதில் பாதிதான் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை வந்துவிடும். ‘ராஜா காசு, தேய்ஞ்சு போச்சு’ என்று அதற்கும் கீழே கேட்கிறவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். 1947 ரூபாய் காந்தத்தில் ஒட்டும். போலி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது சுத்த நிக்கல்.

நம் மாவட்டங்களில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கழுத்தில் கோத்துப் போட்ட காசுகள் ஏராளம். விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம் இருந்தால், பின்னால் அதை எவ்வளவு நேர்த்தியாக அராவியிருந்தாலும் சேகரிப்பாளர் ஒதுக்கிவிடுவார். அதற்கு வெள்ளி விலைதான்.

யானைக் காசுகள்தான் எனக்கு ஆசையைக் கிளப்புகின்றன. 1792 உடன்படிக்கையில் கம்பெனி கைக்குப் போகும்வரை நம் பகுதியான பாராமகால் திப்புவிடம் இருந்தது. ஆனால் யானை போட்டதெல்லாம் திப்பு காசு அல்ல. பின்பக்கம் கன்னட எழுத்து இருந்தால் மைசூர் உடையார்கள் அடித்தது. பாரசீக எழுத்து என்றால் எந்த ஊர் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) என்று அதிலேயே இருக்கும். உருதுவுக்கும் ஏறக்குறைய அதே எழுத்துதான்; கிருஷ்ணகிரியில் உருது வாசிக்கத் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை, காட்டிக் கேளுங்கள். திப்பு தானே புகுத்திய மௌலூதி என்ற ஆண்டுக்கணக்கில் எண்களை வலமிருந்து இடமாகப் போட்டார் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவரும் குழம்புவார். ஸ்ரீரங்கப்பட்டண அக்கசாலைக் காசு தேய்ந்த நிலையில் சில நூறு ரூபாய்தான். ஊர்ப்பெயர் அபூர்வமாக இருந்தால் கதை வேறு.

புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். செம்பின் கருப்பும் வெள்ளியின் மங்கலும் பல பத்தாண்டுகளில் படிந்தவை. தேய்த்தால் கூடவே எழுத்தின் முனையும் போகும், பாதி விலையும் போகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவது வெள்ளியைக் கறுக்க வைக்கும். மலிவான பிவிசி உறையில் நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு வரும். அட்டைச் சட்டத்தில் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒட்டிய உறையே நல்லது. தொடும்போது விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

மகள் கல்யாணத்துக்கு இது வழியல்ல. காசு வட்டி தராது. அவசரத்துக்கு விற்கப் பாலக்கோட்டில் ஆள் இல்லை. பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். வியாபாரி விற்கும் விலைக்கும் உங்களிடம் எடுக்கும் விலைக்கும் இடைவெளி பெரிது. ஏலத்தில் கமிஷன் வேறு. ஏழு வயதுதானே, தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்குங்கள். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். 3,000-இல் 2,500 அங்கே போகட்டும்.

மிச்சம் 500-ஐ ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்டதையும் வாங்காமல் ஒரே துறையைப் பிடியுங்கள். கையில் ஆறு யானை இருக்கும்போது மைசூர் செப்புக் காசுகளைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை. முதல் சில மாதம் காசே வாங்காமல் ஒரு விலைப்பட்டியல் நூல், பத்து மடங்கு லென்ஸ், சின்னத் தராசு வாங்குங்கள். எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள். நாணயச்சாலை விற்கும் நினைவு நாணயப் பெட்டிகள் பார்க்க அழகு. முதலீடாக நான் பரிந்துரைக்க மாட்டேன்: வெள்ளி மதிப்பைவிட மேலே கொடுத்து வாங்குகிறோம், அந்த மேல்விலை திரும்பி வருமா என்பது நிச்சயமில்லை.

கிணற்றுக் காசைத் தொடாதீர்கள். மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம். விற்க வந்தவரை முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்க வந்தவர் மழுப்பினால் நீங்கள் விலை பேசியதாகக்கூட இருக்க வேண்டாம்.