மதம் மாறும் காதல், சிரிக்க வைக்கும் திரைக்கதை: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

வேறு மதம், வேறு பண்பாடு, நடுவில் ஒரு காதல். இதை நகைச்சுவையாக எழுத முயல்பவர்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் ஒன்லைன் இது. காதலிக்காக ஒருவன் அவள் மதத்துக்கு மாறிவிட்டதாக நடிக்கிறான், கடைசியில் மாட்டிக்கொள்கிறான். போதுமா?

பாதிப் படத்துக்குப் போதும். "எப்போது மாட்டுவான்" என்ற ஒரே கேள்விக்காக ஆடியன்ஸ் இரண்டு மணி நேரம் உட்கார மாட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாட்டப் பார்த்துத் தப்பிப்பான், நான்காவது தடவை யாருக்கும் சிரிப்பு வராது.

இடைவேளைக்குப் பக்கத்தில் கதையைத் திருப்பிப் பாருங்கள். நடிக்கப் போனவனுக்கு அந்த வழிபாடு உண்மையிலேயே பிடித்துப்போகிறது. யாரும் பார்க்காத ஒரு நாளில் தானாகவே போய் உட்காருகிறான். இப்போது சிக்கல் காதலிக்கு. சின்ன வயதிலிருந்து அந்தக் கட்டுப்பாடுகளில் மூச்சுமுட்டி வெளியே வந்தவள் அவள். "நான் தப்பிச்சு வந்த இடத்துக்கே என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போறியே" என்று அவள் கத்தும் சீனில் சிரிப்பும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. முதல் பாதியில் அவன் பொய்யை எல்லோரும் நம்பினார்கள். இரண்டாம் பாதியில் அவன் உண்மையை ஒருவரும் நம்பவில்லை. படம் முழுக்க ஓடும் எஞ்சின் இதுதான்.

கேள்வி: மதத்தைத் தொட்டாலே வம்பு என்கிறார்கள். எதுவரை கிண்டல் செய்யலாம்?

எதுவரை என்பதை விட, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பாருங்கள். பிறர் வணங்குவதைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் அந்த மதத்துக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். போவதில் நியாயமும் இருக்கிறது. நல்ல பெயர் வாங்கத் தவிக்கும் ஒரு மனிதனைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் முதலில் சிரிப்பவர்களே அவர்கள்தான்.

வழிபாட்டு சீன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் எழுகிறார்கள், இவன் தாமதமாக எழுகிறான். அதற்குள் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். உஷாராகிப் பக்கத்தில் இருக்கும் பெரியவரை அப்படியே பின்பற்ற ஆரம்பிக்கிறான். அவர் தும்மினால் தும்முகிறான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் இல்லாத கண்ணாடியைக் கழற்றப் போகிறான். பெரியவர் திரும்பி, தன் புத்தகத்தை இவன் பக்கம் நகர்த்தி, படிக்க வேண்டிய வரியில் விரலை வைக்கிறார். அந்த விரல் முக்கியம். வழிபாடு அதன் கண்ணியத்தோடு நடந்துகொண்டே இருக்கிறது, கேமரா அவன் முகத்தை விட்டு நகரவில்லை, உள்ளே இருக்கும் ஒருவர் அவனை அன்போடு சேர்த்துக்கொள்கிறார்.

இன்னொன்று: நல்ல கவுன்ட்டர்களை நம்பிக்கை உள்ளவர்களுக்கே கொடுங்கள். எந்த மதத்துக்காரர்களும் தங்களுக்குள் தங்களைப் பற்றி நன்றாகவே ஜோக் அடிப்பார்கள்.

கேள்வி: மதம் மாறும் நடைமுறை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? காமெடிதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாமா சார்?

(அக்கா என்றே கூப்பிடலாம்.) இருக்கக் கூடாது. துல்லியம்தான் உங்களுக்குக் கதையே தரும்.

யூத மதத்தில் பாரம்பரியமாக, மாற விரும்பி வருபவரை ரப்பி, அதாவது யூத மதகுரு, உடனே வரவேற்பதில்லை. மூன்று முறை திருப்பி அனுப்பும் வழக்கம் பிரபலமானது. கல்யாணத்துக்காக மட்டும் வருவதை மரபு விரும்புவதும் இல்லை. பிறகு மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் படிப்பு. மூன்று பேர் கொண்ட மன்றத்தின் முன் விசாரணை. மிக்வே எனும் நீர்த்தொட்டியில் முழுக்கு. மோதிரத்தோடு முதல் நாளே போய் நிற்கும் அவசரக்கார ஹீரோவுக்கு இதைவிட நல்ல தடை கிடைக்குமா?

இஸ்லாத்தில் நேர் எதிர். பொருள் உணர்ந்து, உளமார நம்பிக் கலிமா எனும் நம்பிக்கை உறுதிமொழியைச் சொன்னால் அப்போதே முஸ்லிம். ஆறு மாதத் திட்டத்தோடு குறிப்பேடு சகிதம் வந்தவனிடம் இமாம் "நம்பிக்கை வந்துவிட்டதா? சொல்லுங்கள்" என்கிறார். இவனுக்கு வியர்க்கிறது. தள்ளிப்போட ஒரு சாக்கும் இல்லை, மனசு மட்டும்தான் பாக்கி. அப்புறம், மரபான சட்டப்படி முஸ்லிம் ஆண் ஒரு கிறிஸ்தவப் பெண்ணையோ யூதப் பெண்ணையோ அவள் மதம் மாறாமலே மணக்கலாம். முஸ்லிம் பெண் மணக்கும் ஆண் முஸ்லிமாக இருக்க வேண்டும். ஹீரோ, ஹீரோயினை இடம் மாற்றினால் பிளாட்டே மாறிவிடும்.

கத்தோலிக்கத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். திருமணத்துக்காகத் துணைவர் மாறியே ஆக வேண்டும் என்பதில்லை. திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் சிறப்பு அனுமதி வாங்கலாம். மாற விரும்பும் பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் தயாரிப்பு உண்டு, திருமுழுக்கு வழக்கமாக ஈஸ்டர் முந்தின இரவு வழிபாட்டில். தள்ளிப்போட முடியாத ஒரு தேதி கிடைத்தால் எழுத்தாளருக்குக் கொண்டாட்டம்.

இந்து மதத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே மதமாற்றச் சடங்கு என்று ஒன்று கிடையாது. "நான் மாறிட்டேன்னு யார்கிட்ட சொல்றது?" என்று அலையும் கதாபாத்திரம் அங்கே பிறக்கிறது. மேற்கு ஆசியாவில் வாழும் ட்ரூஸ் எனும் மதச் சமூகம் 1043-லேயே வெளியாரைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. உயிரைக் கொடுத்து மாறத் தயாராக நிற்பவனுக்குக் கதவே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பஹாய் எனும் மதத்தின் விதி. திருமணத்துக்கு இரு பக்கமும் உயிரோடிருக்கும் பெற்றோர் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், அவர்கள் எந்த மதமானாலும் சரி. மாற வேண்டியதில்லை, நான்கு கையெழுத்து போதும். மூன்று வாங்கியாயிற்று, நாலாவது ஆள் இருபது வருஷமாகப் பேசாத அப்பா. முழுப்படமும் இதில் இருக்கிறது.

ஒரே மதத்துக்குள்ளும் பிரிவுக்குப் பிரிவு நடைமுறை மாறும். உங்கள் குடும்பம் எந்தப் பிரிவு என்று முதலில் முடிவு செய்துவிட்டு விசாரியுங்கள்.

கேள்வி: இரண்டு வீட்டுப் பெற்றோரும் கத்துகிறார்கள், எனக்கே போரடிக்கிறது. என்ன செய்ய?

நான்கு பேரும் ஒரே காரணத்துக்குக் கத்துகிறார்கள், அதுதான் விஷயம். ஆளுக்கொரு பயம் கொடுங்கள். அப்பாவுக்கு ஊர் வாய். அம்மாவுக்கு, தன் மகள் இனி பண்டிகைக்கு வீட்டுக்கு வருவாளா என்பது. அந்தப் பக்கத்து அப்பாவுக்கு மதத்தில் பெரிய பற்றே இல்லை, ஆனால் தன் தந்தையிடம் கொடுத்த வாக்கு இருக்கிறது. நாலாவது ஆள் ஏற்கனவே சம்மதித்துவிட்டார், மற்றவர்களிடம் சொல்லத்தான் தைரியமில்லை.

எல்லோரும் தவிர்க்கும் கேள்வி ஒன்று உண்டு: பிறக்கப் போகும் குழந்தை எந்த மதம்? கலப்புத் திருமணத்துக்கு அனுமதி கேட்கும் கத்தோலிக்கர், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வதாக வாக்களிக்க வேண்டும். அந்த வாக்கு துணைவருக்கும் தெரிவிக்கப்படும். காதலர்கள் இதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை, பாதிரியார் முன்னால்தான் முதன்முதலில் கேட்கிறார்கள் என்று வையுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பதில் சொல்வார்கள்.

கேள்வி: தப்பாக மொழிபெயர்க்கும் காமெடி பழசாகிவிட்டதா?

தெரியாமல் தப்பாகச் சொல்வது பழசு. தெரிந்தே மாற்றிச் சொல்வது இன்னும் ஓடும். பாட்டி திட்டுவதைத் தங்கை பாராட்டாக மாற்றிச் சொல்கிறாள், அவன் உருகிப் போய் பாட்டி காலில் விழுகிறான், பாட்டி குழம்பி ஆசீர்வதித்துவிடுகிறாள். பொய் சொல்பவளுக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: எத்தனை பக்கம் வரலாம் மேடம்?

ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது சர்வதேச ஃபார்மட் கணக்கு. நகைச்சுவைக்கு 90 முதல் 110 பக்கம்.

கேள்வி: நூறு வருஷமாக இதே கதைதான் வருகிறது. புதிதாக என்ன இருக்கிறது?

நூறு வருஷத்துக்கு மேலேயே. யூதப் பையன், ஐரிஷ் கத்தோலிக்கப் பெண் என்று ஆன் நிக்கோல்ஸ் எழுதிய 'ஏபிஸ் ஐரிஷ் ரோஸ்' நாடகம் பிராட்வேயில் 1922-ல் தொடங்கி 2,327 காட்சிகள் ஓடியது. விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கியும் மக்கள் வந்தார்கள். அதே ஜோடிக்கு மெதடிஸ்ட் போதகர், ரப்பி, பாதிரியார் என்று மூன்று கல்யாணம் நடக்கும். அதில் வரும், ஒரே அச்சில் வார்த்த ஐரிஷ், யூதப் பாத்திரங்களை இன்று எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஒரே சடங்கு திரும்ப வரும்போது ஒவ்வொரு தடவையும் வேறு ஆளுக்குச் சங்கடம் என்ற அமைப்பு மட்டும் இன்றைக்கும் உதவும். புதுசு உங்கள் மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

கேள்வி: கடைசியில் அவன் மாற வேண்டுமா, வேண்டாமா? எது சேஃப்?

சேஃப் பார்த்து முடித்தால் இரண்டுமே சப்பென்று இருக்கும். மாற வேண்டிய கட்டாயத்தை முதலில் எடுத்துவிடுங்கள். அவள் வீட்டார் "நீ மாற வேண்டாம், எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டார்கள். அல்லது காதலே முறிந்துவிட்டது. இப்போது அவன் என்ன செய்கிறான்? அந்த முடிவு அவனுடையது. "மாறினேன், ஆனால் உனக்காக இல்லை" என்பதும், "உன்னோடு இருப்பேன், நானாகவே இருப்பேன்" என்பதும் இரண்டுமே நியாயமான முடிவுகள். காதலுக்காக ஒருவர் தன்னை அழித்துக்கொள்வதைக் கொண்டாடி மட்டும் முடிக்காதீர்கள்.

கேள்வி: அந்த மதத்தைச் சேர்ந்த நண்பர் இருக்கிறார். எந்தக் கட்டத்தில் படிக்கக் கொடுப்பது?

ட்ரீட்மென்ட் கட்டத்திலேயே, அதாவது வசனம் எழுதும் முன் கதையை விரிவாகச் சொல்லும் வடிவத்திலேயே, கொடுங்கள். முழு ஸ்கிரிப்ட் முடிந்தபின் கொடுத்தால், மாற்ற உங்களுக்கு மனசு வராது. "இதில் தப்பாக ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்காக இல்லை என்பார். "எந்த இடம் பொய்யாத் தெரியுது? உங்க வீட்ல இது நடந்தா யார் முதல்ல பேசுவாங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஆளுக்கு உங்கள் ஸ்கிரிப்டில் பெரும்பாலும் ஒரு வசனம்கூட இருக்காது. அந்த ஆளை உள்ளே கொண்டுவாருங்கள்.