சீனியர் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

தம்பி, மீட்டிங்கில் குபர்நெட்டிஸ் (பல சேர்வர்களில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கிற கருவி) பற்றிக் கேட்டதும் தலையாட்டிவிட்டு, டொய்லெட்டுக்குள் போய் கூகிளில் தேடினேன் என்கிறீர்கள். நானும் செய்ததுதான். பம்பலப்பிட்டியில் வேலை செய்தபோது டிஎன்எஸ் (இணையதளப் பெயரைச் சேர்வர் முகவரியாக மாற்றித் தருகிற முறை) தெரிந்த மாதிரி நடித்து, டிடிஎல், அதாவது அந்த முகவரியை மற்றக் கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு, 86400 என்று கிடந்ததைப் பார்க்காமல் சேர்வரை மாற்றிவிட்டேன். 86400 செக்கன், அதாவது ஒரு முழு நாள். அதுவரை பலர் பழைய சேர்வருக்கே போய்க்கொண்டிருந்தார்கள். சேர்வரை மாற்றுவதற்கு முதல் நாளே அந்த டிடிஎல்லை 300 ஆகக் குறைத்திருக்க வேண்டும். பக்கத்து மேசைப் பிள்ளைக்கு அது தெரியும், நான்தான் கேட்கவில்லை.

குபர்நெட்டிஸ் வெளிவந்ததே 2014இல். அதில் 15 வருட அனுபவம் கேட்கிற விளம்பரங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். "எனக்குத் தெரியாது, புதன்கிழமை பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். கிழமையைக் கட்டாயம் சொல்லுங்கள்; வெறும் "பார்ப்பம்" என்றால் நம்முடைய ஆட்களுக்கு அது "மாட்டேன்" என்றுதான் கேட்கும்.