கிணற்று மேப் போடும் பெண்ணுக்கு எதற்கு மேனேஜ்மென்ட் கோட்டா?

திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசியாயிற்று. நன்கொடைக்குத் தோட்டத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார் பெண்ணின் சித்தப்பா. "இவ என்னடான்னா கிணத்து மேப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா சார், பயமா இருக்கு" என்று எழுதி, அந்த மேப்பையும் அனுப்பியிருக்கிறார்.

கவலைப்படாதீர்கள் ஐயா என்று ஆறுதலாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். மேப்பைப் பார்த்தபின் உங்களோடு சண்டை போடத்தான் தோன்றுகிறது.

உங்கள் மகள் செய்திருப்பதை வீட்டில் யாராவது உற்றுப் பார்த்தீர்களா? ஊர்க் கிணறு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னால் அட்டவணை: ஆழம், வெட்டிய ஆண்டு, சித்திரையில் தண்ணீர் நிற்குமா, மோட்டார் உண்டா. எல்லாவற்றையும் மேப்பில் எழுதினால் எழுத்தின் மேல் எழுத்து ஏறி எதையும் படிக்க முடியாது. அதனால் வற்றாத கிணறுகளை வெறும் நீலப் புள்ளியாக விட்டுவிட்டு, வற்றுகிற கிணறுகளுக்கு மட்டும் ஆழத்தையும் ஆண்டையும் லேபிளாகக் காட்டியிருக்கிறாள். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு வேறு. பச்சை வயல் மேலேயும் தெளிவாகத் தெரிகிறது.

படத்துக்குக் கீழே அவள் எழுதியிருக்கும் குறிப்புதான் என்னை நிறுத்தியது. சில கிணறுகளுக்கு லேபிளே வரவில்லையாம். ஆண்டு தெரியாமல் காலியாக விட்டவை அவை. மேப் போட உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் இரண்டு விவரங்களை இரட்டைக் கோடு (||) போட்டு இணைத்தால், ஒன்று காலியாக இருந்தாலும் மொத்த லேபிளும் மறைந்துவிடும். கான்கேட் என்ற ஃபங்ஷனுக்கு மாற்றியதும் ஆழம் மட்டுமாவது வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லித்தராமல் இதைத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்குத் திசை தெரியவில்லை என்கிறீர்களா?

இன்ஜினீயரிங்கில் மற்ற பிரிவுகளைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அவற்றைச் சொல்லத்தான் உறவினர்கள் இருக்கிறார்களே. யாரும் சொல்லாதது ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது இடம் சார்ந்த தகவல்களைக் கம்ப்யூட்டரில் கையாளும் படிப்பு. 1794-இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் இது பி.இ. படிப்பாகவே இருக்கிறது. செயற்கைக்கோள் படம், நில அளவை, டேட்டாபேஸ், புரோகிராமிங் எல்லாம் இதில் அடக்கம். சித்தப்பாவுக்குக் கம்ப்யூட்டர்தான் வேண்டுமென்றால் அதுவும் இதில் வேண்டிய மட்டும் உண்டு. இடங்கள் குறைவு, கட்-ஆஃப் எட்டாமல் போகலாம். அப்படியானால் சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் புவியியல் துறை இருக்கிறது. மூன்று வருடம் அங்கே படித்துவிட்டு, முதுகலையில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் பக்கம் வரலாம். பி.இ. கிடைத்துவிட்டால், எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் 2022 முதல் இதே துறையான ஜியோமேடிக்ஸுக்குத் தனித் தாளே உண்டு.

வேலை எங்கே என்பீர்கள். மின்வாரியத்துக்குக் கம்பம், குடிநீர் வாரியத்துக்குக் குழாய், வருவாய்த் துறைக்குச் சர்வே எண், டெலிவரி கம்பெனிக்கு வாசற்படி. எதற்கு எந்த விவரத்தை எந்த அளவில் காட்டுவது என்று தெரிந்த ஆள் எல்லா இடத்திலும் வேண்டும். தனியார் நிறுவனங்கள் மேப் தயாரிக்க இருந்த கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021-இல் பெருமளவு தளர்த்தியது. அடுத்த ஆண்டே இதற்கென்று தேசியப் புவிசார் கொள்கையும் வந்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. படத்தைப் பார்த்துக் கோடு இழுக்கிற ஆரம்ப வேலைக்குச் சம்பளம் குறைவுதான். புரோகிராமிங்குக்குப் பைத்தானும் டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல்லும் கற்காதவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் மகள் நிற்க மாட்டாள் என்று அந்தக் கான்கேட் சொல்கிறது.

அப்புறம் பணம். இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான் என்கிறீர்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் அதற்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் அது கிடையாது. கிடைக்கிற சலுகையை உதறிவிட்டு, சோறு போடுகிற தோட்டத்தையும் அடமானம் வைத்து, அவள் கேட்காத படிப்பை வாங்கப் போகிறீர்கள். நன்கொடைக்கு ரசீதாவது தருவார்களா என்று சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். வட்டியைக் கட்டப்போவது அவரா என்றும் கேளுங்கள்.

அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள். கலந்தாய்வில் சாய்ஸ் ஃபில்லிங்கின்போது லேப்டாப்பை அவள் கையில் கொடுங்கள். முதல் வரிசையில் எது வர வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். அரசு கலைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தைக் கலந்தாய்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள். காத்திருக்கும் நாட்களில், யார் வேண்டுமானாலும் விவரம் சேர்க்கக்கூடிய இணைய மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஊரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கிணறு, பள்ளி, கைப்பம்பு எல்லாவற்றுக்கும் டேக் (அடையாளக் குறிப்பு) போட்டு விவரம் சேர்க்கலாம். காசு கிடையாது, ஊர்ப் பெயரைத் தமிழிலேயே எழுதவும் தனி டேக் உண்டு.