நர்சிங் மாணவி தனக்கான இலக்குகளை எப்படி எழுதுவது?

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். தனிப்பட்ட இலக்குகள் ஐந்து, தொழில் சார்ந்த இலக்குகள் ஐந்து எழுதி வரும்படி கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். ‘நல்ல நர்ஸ் ஆக வேண்டும்’ என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கை, நான் ஒன்பது ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் வயதில் என் நோட்டிலும் அந்த ஒரே வரிதான் இருந்தது. அதை மாற்றியது ஒரு சிவப்பு மைக் கோடு.

அப்போது எனக்குப் பொது மருத்துவ வார்டில் போஸ்டிங், அதாவது பயிற்சிப் பணி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு சேர்ந்திருந்த ஒரு பெரியவருக்குக் கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத் தாள்) எழுதினேன். இலக்கு என்ற கட்டத்தில் ‘நோயாளி நலமாக உணர்வார்’ என்று எழுதி நீட்டினேன். எங்கள் ஆசிரியை மேடம் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். எப்போது? எவ்வளவு? எதைப் பார்த்து நீ தெரிந்துகொள்வாய்? திரும்ப உட்கார்ந்து எழுதினேன்: ‘நாளை காலை 8 மணிக்குள் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இடையில் நிற்காமல் நடந்து போவார். நடந்து வந்து உட்கார்ந்த பின் மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டாது.’ இந்த முறை கையெழுத்து கிடைத்தது.

அன்று இரவு விடுதியில் என் நோட்டைத் திறந்தபோது அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது. முன்பின் தெரியாத ஒருவருக்கு மூச்சு எண்ணிக்கை வரை கணக்கிட்டு இலக்கு எழுதத் தெரிந்த எனக்கு, என்னைப் பற்றி அப்படி எழுதத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. காலியான கேர் பிளான் தாள் ஒன்றை எடுத்து, நோயாளியின் பெயர் வரும் இடத்தில் என் பெயரை எழுதினேன். உங்களையும் அதையே செய்யச் சொல்கிறேன்.

கேர் பிளானில் முதல் கட்டம் இலக்குக்கு உரியது அல்ல என்பதைக் கவனியுங்கள். முதலில் வருவது நோயாளியின் நிலையை ஆராய்வது; அதன் பிறகு பிரச்சினையைக் கண்டறிவது; மூன்றாவதுதான் இலக்கு. இலக்கைத் தெளிவாக, அளந்து பார்க்கும்படி, காலக்கெடுவோடு எழுத வகுப்பில் ‘ஸ்மார்ட்’ முறை சொல்லித் தருவார்கள். 1981-இல் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் நிறுவன மேலாளர்களுக்காக முன்வைத்தது அது. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அது இலக்கில் தொடங்குகிறது. நம் தொழில் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதில் தொடங்குகிறது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எழுதாமல் எங்கே போக வேண்டும் என்று எழுதினால், பக்கத்து அறைத் தோழியின் இலக்குதான் உங்கள் தாளில் வந்து உட்காரும்.

என் தாளின் முதல் கட்டத்தில் நான் எழுதியது: ‘ட்ரிப் கணக்கு வராது. கேட்டால் கை நடுங்குகிறது.’ ஒரு வாரத்துக்கு முன்பு, 500 மி.லி. திரவத்தை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று ஸ்டாஃப் நர்ஸ் அக்கா கேட்டார். நான் மரம்போல நின்றேன். மில்லிக்கு 20 சொட்டு விழும் சாதாரண ட்ரிப் குழாய் செட். 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் சுமார் 42. அவ்வளவுதான். ஆனால் பள்ளி நாளிலிருந்தே கணக்கென்றால் எனக்குப் பயம். அந்தப் பயம் சீருடையோடு வார்டுக்கும் வந்துவிட்டது. குழந்தைகள் வார்டில் மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் வரும்போது இந்தப் பயம் ஒரு குழந்தையின் உடம்பில் போய் முடியும் என்று தோன்றியதும் தூக்கம் போனது.

எனவே இலக்கு இப்படி அமைந்தது: ‘குழந்தைகள் வார்டு போஸ்டிங் தொடங்க இருக்கும் 6 வாரத்துக்குள், அக்கா கொடுக்கும் 10 கணக்குகளில் பத்தையும் பிழையில்லாமல் போடுவேன்.’ அதற்கான வேலை, இரவு உணவுக்கு முன் தினமும் 5 கணக்கு. பத்துக்கு எட்டு என்று நான் எழுதவில்லை. மருந்துக் கணக்கில் எட்டு போதாது.

தொழில் சார்ந்த இலக்குகளைப் போஸ்டிங் அட்டவணையை வைத்துக்கொண்டு எழுதுங்கள். பிரசவ வார்டில் இருக்கும் மாதத்தில் எலும்பு முறிவுப் பராமரிப்பை இலக்காக வைத்தால் யாரிடம் கற்பீர்கள்? ஒரு போஸ்டிங்குக்குக் கற்க ஒரு செயல்முறை, விட ஒரு பயம். அது போதும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘படிப்பு முடியும்போது எல்லாவற்றிலும் வல்லவளாக இருப்பேன்’ என்று எழுதிவிட்டு அழும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். செவிலியர் புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் வரை ஐந்து படிகளில் வளர்கிறார் என்று 1980-களில் விளக்கியவர் பேட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியர் அறிஞர். அதில் நடுப்படியான மூன்றாம் படிக்கே ஒரே வகை வேலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்கிறார். மாணவப் பருவத்தில் தடுமாறுவது இயல்பான முதல் படி.

தொலைதூர இலக்குகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். எம்.எஸ்சி. நர்சிங் சேர பி.எஸ்சி.க்குப் பிறகு பொதுவாக ஓராண்டு பணி அனுபவம் கேட்பார்கள். அந்த ஆண்டை எந்த வார்டில் செலவிடுவது என்பதே உங்கள் இலக்கு. நர்சிங் அதிகாரி வேலைக்காக எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். ஊகித்துக் குறிக்கும் பழக்கத்தை இப்போதே விட வேண்டும். வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுத நினைத்தால், பிரிட்டனில் அந்த மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும். இரண்டாம் ஆண்டிலேயே பணம் கட்டி எழுதுவது வீண். தினம் அரை மணி நேரம் ஆங்கிலம் கேட்பது வீணாகாது.

தனிப்பட்ட இலக்குகளை ஒப்புக்கு நிரப்பிவிடாதீர்கள். அந்தப் பெரியவர் பத்தாம் நாள் இறந்துபோனார். கழிப்பறை வரை நடந்து வந்து என்னைப் பார்த்துச் சிரித்தவர். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பிறகு தாளில் எழுதினேன்: ‘என் கையில் இருக்கும் நோயாளி இறந்தால், அன்று தூங்குவதற்குள் ஒருவரிடமாவது அவரைப் பற்றிப் பேசுவேன்.’ பெரும்பாலும் அம்மாவிடம் பேசுவேன். இன்று வரை என்னை இந்த வேலையில் நிற்க வைத்திருப்பது அந்த வரிதான். நைட் டியூட்டி முடிந்த பகலில் எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள், கல்விக் கடனுக்கு முதல் சம்பளத்தில் எவ்வளவு எடுத்து வைப்பீர்கள் என்பவையும் எண்ணோடு அங்கே இருக்கட்டும்.

கடைசிக் கட்டம் மதிப்பீடு. பலர் காலியாக விடும் கட்டம் இது. நோயாளி இலக்கை எட்டாவிட்டால் நாம் அவரைத் திட்டுவதில்லை. ‘ஓரளவு நிறைவேறியது’ என்று எழுதி, வலியா, பயமா, மருந்து நேரமா என்று மறுபடி பார்த்துத் திட்டத்தை மாற்றுகிறோம். உங்களையும் அதே கனிவோடு மதிப்பிடுங்கள். ஆறாவது வாரத்தில் எனக்குப் பத்துக்கு ஏழுதான் வந்தது. தவறிய மூன்றும் மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றும் கணக்குகள். அடுத்த வாரம் முழுவதும் அதை மட்டும் போட்டேன், பத்தும் வந்தது.

இன்றும் மாதத்துக்கு ஒரு தாள் எழுதுகிறேன். இந்த மாத இலக்கு: ரத்தத்தில் ஆக்சிஜன், கரியமில வாயு அளவுகளைக் காட்டும் ரத்த வாயுப் பரிசோதனை அறிக்கை வந்ததும், டாக்டர் சொல்வதற்கு முன் நானே படித்து என் முடிவைக் குறித்து வைப்பது, அப்படி 20 அறிக்கைகள். இதுவரை 13 ஆகியிருக்கிறது, அதில் இரண்டு தவறு.