தாழையை அறுத்தால் பாசி நோய் நிற்குமா?

கேள்வி: மணமேல்குடிப் பக்கம் 45 மூங்கில் மிதவைகளில் கப்பா பாசி என்னும் கடற்பாசியை வளர்க்கப் போட்டிருக்கிறோம். அடியில் தாழை என்று நாங்கள் சொல்லும் கடற்புல் அடர்ந்து கிடக்கிறது. சித்திரையில் பாசிக் கிளைகள் வெளுத்து, கொழகொழத்து, ஒடிந்து விழுந்தன. தாழை அழுகித்தான் கிருமி பெருகுகிறது, அரிவாள் போட்டு அறுத்துவிடுங்கள் என்கிறார்கள். அறுக்கலாமா?

பதில்: அறுக்காதீர்கள், அம்மா. அறுத்தால் நோய் கூடத்தான் செய்யும்.

உங்கள் பாசிக்கு வந்தது ஐஸ்-ஐஸ் நோய். தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினாலோ, ஓட்டம் நின்றாலோ, மழைநீர் கலந்து உப்பு இறங்கினாலோ பாசி தளர்ந்து, மேல்தோலில் வழவழப்பைக் கசியவிடும். அதைத் தின்ன விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் மொய்த்துக் கிளையைக் கரைக்கின்றன. விப்ரியோ கடலில் எப்போதும் இருப்பதுதான். பாசி திடமாக இருக்கும்வரை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

தாழை இந்த பாக்டீரியாக் கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. பாக்டீரியாக்களில் பல வண்டல் துகளில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். இலைகள் நீரோட்டத்தை மட்டுப்படுத்துவதால் துகள் கீழே படிகிறது, கிருமியும் கூடவே இறங்குகிறது. புல்லுக்குள் வாழும் சிப்பிகளும் தண்ணீரை வடிகட்டுகின்றன. இலையில் உள்ள பீனால் வகைப் பொருட்கள் சில பாக்டீரியாக்களை வளரவிடுவதில்லை. இந்தோனேசியாவில் சுலவேசிக்கு அருகிலுள்ள தீவுகளில் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. கடற்புல் உள்ள இடத்துத் தண்ணீரில், மனிதருக்கும் மீனுக்கும் நோய் தரக்கூடிய பாக்டீரியாக்களின் பங்கு, புல் இல்லாத இடத்தைவிட ஏறத்தாழ பாதியாக இருந்தது.

மண்ணுக்குள் நடப்பது இன்னும் முக்கியம். பகலில் இலையில் உண்டாகும் ஆக்சிஜன் தண்டின் காற்றறைகள் வழியே வேருக்கு இறங்கி, நுனியில் கசிகிறது. சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் சல்ஃபைடை உண்டாக்கும். வேரைச் சுற்றியுள்ள இன்னொரு கூட்டம், கசியும் ஆக்சிஜனைக் கொண்டு அந்த நஞ்சை முறிக்கும். உளுந்து வேர் முடிச்சு செய்வதைப் போல நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்களும் கடற்புல் வேர்களில் உண்டு. நீங்கள் புல்லை அறுத்தால் ஆக்சிஜன் நின்றுபோகும், வேர் அழுகும், சல்ஃபைடு கூடும். பிடித்து வைத்த வண்டல் கிருமியோடு கலங்கி எழுந்து உங்கள் பாசிமேலேயே படியும்.

அப்படியானால் ஊரார் பார்த்த அழுகல் பொய்யா? பொய்யில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் மிதவையின் நிழல்தான். 12க்கு 12 அடி மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டி, 45 நாளில் அது பல மடங்கு பெருகும்போது அடியில் வெயில் இறங்காது. புல் வெளிறும், இலை உதிரும், பிறகு மண் கறுக்கும். நங்கூரக் கயிறு அலையில் உரசி வட்டமாகப் புல்லைப் பெயர்ப்பதும் உண்டு.

நீங்களே சோதித்துப் பாருங்கள். மிதவைக்கு அடியில் ஒரு கொத்தும், பத்து மீட்டர் தள்ளி ஒரு கொத்தும், கிழங்குத்தண்டு அறுபடாமல் மண்ணோடு எடுங்கள். தண்டு வெண்மையாக, விறைப்பாக இருந்து, கறுப்பு மண்ணில் வேரை ஒட்டி மட்டும் துருநிறக் கீற்று தெரிந்தால் வேர் மூச்சு விடுகிறது என்று பொருள். தண்டு பழுப்பேறி நசுங்கினால், மண் முழுக்கக் கறுத்து முட்டை நாற்றமடித்தால், அந்த மிதவையை நகர்த்த வேண்டும்.

எங்கே நகர்த்துவது? புல்வெளிக்கு நடுவிலுள்ள வெறும் மணல் திட்டுக்கு மேல், அல்லது புல்லின் ஓரத்தில். புல்லின் தலைக்கு மேல் வேண்டாம். நீர் வற்றும் நேரத்திலும் மிதவைக்கும் தரைக்கும் நடுவே ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கட்டும். நங்கூரக் கல்லை மணலில் இறக்கி, கயிறு தரையில் புரளாதபடி இடையில் ஒரு சிறு மிதப்பைக் கட்டுங்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை கயிறுகளை உதறி வண்டலைக் கழுவுங்கள். மிதந்து வந்து மாட்டும் தாழை இலைகளை அன்றன்றே எடுத்துக் கரைக்குக் கொண்டுபோங்கள். மிதவையில் மாட்டி வெயிலில் வெந்து அழுகும் இலை நிச்சயம் கிருமிக்குத் தீனிதான். வெளுத்த கிளை தென்பட்டால் நல்ல பகுதியில் ஓர் அங்குலம் சேர்த்துக் கத்தியால் வெட்டுங்கள். வெட்டியதைக் கடலில் போடாதீர்கள், அந்த மிதவையிலிருந்து விதைப்பாசியும் எடுக்காதீர்கள். பங்குனி முடிவதற்குள் ஓர் அறுவடையை முடித்து, கோடைக்கு ஓட்டமுள்ள, ஆழமான இடத்தில் விதைக்கு மட்டும் சில மிதவைகளை வைத்துக்கொள்ளுங்கள். நோய்க்கு மருந்தென்று எதையும் கடலில் கரைக்க வேண்டாம்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் கடற்புல் தரைகள் மிகக் கூடுதல் பாதுகாப்புள்ள வகையில் வருகின்றன. புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் 2022-இல், கடற்புல்லை மேயும் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மிதவைகளை இடம் மாற்றும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.