குவாட் பைக் இரண்டு மாதத்தில் பழுது: விற்றவர் கைவிரித்தால் என்ன வழி?

கேள்வி: எங்கள் நிலத்துக்குள் குடும்பமாக ஓட்டுவதற்காக, ஆன்லைன் விளம்பரம் பார்த்து வெளியூர் இறக்குமதியாளர் ஒருவரிடம் 110 சிசி குவாட் பைக் (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வாங்கினோம். பெட்டியில் பாகங்களாக வந்ததை அவருடைய ஆள்தான் வந்து பூட்டிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் பின் ஆக்ஸில் ஹப்பின் (சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பாகம்) உள்பற்கள் தேய்ந்து வண்டி நகரவில்லை. ஹப்பை மாற்றினார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே கோளாறு, மறுபடியும் சரிசெய்தார்கள். அடுத்த சில நாளில் ஸ்டியரிங் டை ராட் (ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) கழன்று, ஓட்டிக்கொண்டிருந்த என் மனைவி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. "ஆஃப்ரோடு வண்டிக்கு வாரண்டி கிடையாது, பில்லிலேயே இருக்கிறது. கேஸ் போடுவதென்றால் எங்கள் ஊர் கோர்ட்டில்தான்" என்கிறார். தயாரிப்பாளர் பெயர் வண்டியில் எங்கும் இல்லை. எங்கள் 12 வயது மகனும் சில நாள் ஓட்டினான். அதைச் சொல்லி எங்கள் மேலேயே பழி போடுகிறார். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் வண்டியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கின் முக்கிய சாட்சியே அதுதான். உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்து வெல்டிங் வைப்பதோ, வேறு போல்ட் போட்டு ஓட்டிப் பார்ப்பதோ இப்போது கூடாது. கழன்ற டை ராட், நட், பழைய ஹப் ஆகியவற்றைத் துடைக்காமல், எண்ணெய் போடாமல் தனித்தனிப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் படம் எடுங்கள். பழுதான இடங்களை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

டை ராடு எப்படிக் கழன்றது என்பதில்தான் வழக்கின் திசை இருக்கிறது. அதன் பந்து மூட்டைப் பிடித்திருக்கும் நட்டில், அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் என்ற கம்பியைக் குத்தி, முனையை மடக்கியிருக்க வேண்டும். பின் இல்லாவிட்டால் அதிர்வில் நட் தானாகவே சுழன்று வெளியே வந்துவிடலாம். மரை கெடாமல், ஸ்பிளிட் பின் போடும் துளை காலியாக இருந்தால், பூட்டியவர் பின் போடவில்லை என்பதற்கு அது வலுவான அடையாளம். தண்டே முறிந்திருந்தால் உலோகத்திலோ வடிவமைப்பிலோ குறை இருக்கலாம். அதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஹப் விஷயமும் இதைப்போலத்தான். ஆக்ஸில் நட் போதிய இறுக்கத்தில் இல்லாவிட்டால் ஹப் அங்குமிங்கும் ஆடி, பற்கள் அரைபடும். ஆக்ஸிலின் பற்கள் ஏற்கெனவே தேய்ந்திருக்க, புது ஹப்பை மட்டும் மாட்டினால் அதுவும் சீக்கிரம் போகும். மூன்று வாரத்தில் திரும்ப வந்த கோளாறுக்கு இது பொருத்தமான விளக்கம். பெட்டியில் வரும் மலிவு வண்டிகளில் எஞ்சினைவிட இப்படி இறுக்காமல் விட்ட நட்டுகளும், காற்று நீக்காத பிரேக்கும், நேராக்காத செயினும்தான் அதிகம் தொந்தரவு தரும்.

பூட்டியதில்தான் குறை என்றால் அதனால் உங்களுக்கு நன்மை உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 86, பொருளால் உண்டான காயத்துக்கு விற்பவரும் எப்போது பொறுப்பாவார் என்று சொல்கிறது. பொருளைப் பூட்டுவதிலோ சோதிப்பதிலோ நியாயமான கவனம் எடுக்காவிட்டால் பொறுப்பு. பயன்பாட்டு எச்சரிக்கைகளை வாங்குபவரிடம் சேர்க்காவிட்டால் பொறுப்பு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலும் பொறுப்பு. இவற்றில் முதலும் கடைசியும் நீங்கள் எழுதியிருப்பதிலேயே இருக்கின்றன. கையேடு தரவில்லை என்றால் நடுவில் உள்ளதும் சேரும். இறக்குமதி செய்பவரும் இச்சட்டப்படி விற்பவரே. போதாததற்கு, பிறர் செய்த பாகங்களைப் பூட்டுபவரையும் பிரிவு 2(36) தயாரிப்பாளர் என்கிறது. அதையும் மனுவில் மாற்று வாதமாக எழுதுங்கள்.

"வாரண்டி கிடையாது" என்ற பில் வாசகம் குறையுள்ள பொருளை விற்க உரிமை தருவதில்லை. வாரண்டி இல்லாவிட்டாலும் குறை குறைதான். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆனால் பில்லில் சொன்ன காலத்துக்குள்ளோ, அப்படி எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளோ நடந்த மறுப்புக்கே இது பொருந்தும். உங்கள் கோளாறு அதன்பிறகு வந்தது. எனவே இதை மட்டும் நம்பாமல், குறை, காயம் இரண்டையும் அடிப்படையாக வையுங்கள். "எங்கள் ஊர் கோர்ட்" என்பதும் செல்லாது. நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யப் பிரிவு 34 இடம் தருகிறது. வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. கோளாறு ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: முழு விலையும் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக்கை தர மாட்டேன். 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில், வாரண்டிப்படி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதுதான் கடமை, முழுக் காரையும் மாற்ற வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். எதிர்த்தரப்பு அதைக் கட்டாயம் எடுத்து வைக்கும். அதற்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில், ஒரே கோளாறு திரும்ப வந்ததும் பாதுகாப்புக்குரிய பாகமே கழன்றதும்தான். அதனால்தான் ஒவ்வொரு பழுதுக்கும் தேதி, வாட்ஸ்அப் உரையாடல், ஆள் வந்து போன படங்கள் வேண்டும் என்கிறேன். கோரிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: முதலில் விலையைத் திருப்பித் தர வேண்டும், அது இயலாவிட்டால் பழுதான பாகங்களை மாற்றித் தர வேண்டும். மருத்துவச் செலவு, வருமான இழப்பு, உடல்வேதனைக்கான இழப்பீடு எதற்கும் இந்தத் தீர்ப்பு தடையில்லை. குறையைச் சோதனை இன்றித் தீர்மானிக்க முடியாவிட்டால், ஆய்வகத்துக்கு அனுப்பப் பிரிவு 38 வகை செய்கிறது. மனுவிலேயே அதைக் கேளுங்கள். வழக்கை முடிக்கச் சட்டப்படி 3 மாதம், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதம். நடைமுறையில் கூடுதலாகலாம்.

இனி மகன் விஷயம். காயம் நேர்ந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்பவர் தப்பலாம் என்கிறது பிரிவு 87. விழுந்தபோது ஓட்டியது உங்கள் மனைவி, எனவே மகன் வேறு நாளில் ஓட்டியது அந்தப் பிரிவில் வராது. இதை மறைக்க வேண்டாம். மறைத்தது வெளிப்பட்டால் மற்ற எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும். ஆனால் வண்டியைச் சரிசெய்தாலும் அவனை அதில் ஏற்றாதீர்கள். 16 வயதுக்குட்பட்டவர் பெரியவர்களுக்கான குவாட் பைக்கை ஓட்டக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் உறுதியான அறிவுரை. ஒற்றை இருக்கை வண்டியில் பிள்ளையைப் பின்னால் உட்காரவைப்பதும் ஆபத்தே. எடை பின்னால் போனால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும்.

தெருவுக்கு அதைக் கொண்டு போகாதீர்கள். 25 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து உள்ள விலக்கு, நான்குக்கும் குறைந்த சக்கரமுள்ளவற்றுக்கு மட்டும்தான். பதிவும் காப்பீடும் இல்லாத உங்கள் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அங்கே மகன் ஓட்டிப் பிடிபட்டால் பிரிவு 199A பெற்றோர் மீதும் பாயும்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

இப்போது செய்ய வேண்டியது: பில், பணம் செலுத்திய ஆதாரம், மருத்துவ ஆவணங்களின் நகலுடன் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யலாம், ஆனால் அதற்காக 2 ஆண்டுக் கெடு நிற்காது. நோட்டீஸுக்குப் பிறகு "வண்டியை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறோம்" என்று அவர் சொன்னால், எந்தெந்தப் பாகம் என்ன நிலையில் போகிறது என்று எழுதி அவர் கையொப்பமிட்ட ரசீது வாங்காமல் அனுப்பாதீர்கள். கழன்ற டை ராடையும் பழைய ஹப்பையும் அதனோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.