மேடம் வாக்கரும் சூட்டுச் சீப்பும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கறுப்பினப் பெண்களுக்கான முடிக்களிம்பு விற்ற அமெரிக்கக் கறுப்பினத் தொழிலதிபர் மேடம் சி.ஜே. வாக்கரைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். முடியை நேராக்கச் சூடாக்கிப் பயன்படுத்தும் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர், சுயமாக உழைத்து அமெரிக்காவின் முதல் பெண் கோடீஸ்வரரானவர் என்றெல்லாம் அவரைப் பற்றி எங்கும் சொல்கிறார்கள். எனக்கு ஓர் உறுத்தல் இருக்கிறது. கறுப்பினப் பெண்களின் சுருள்முடியை வெள்ளையரின் முடிபோல நேராக்கிக்கொள்ளச் செய்து, அவர்களுடைய தாழ்வுணர்ச்சியையே முதலாக்கிப் பணம் சேர்த்த ஒருவரை முன்னோடி என்று எப்படிக் கொண்டாடுவது?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கேள்வியை அவர் வாழ்ந்த காலத்திலேயே கறுப்பினத் தலைவர்கள் சிலர் எழுப்பியிருக்கிறார்கள். அதற்கு வருமுன் இரண்டு தகவல்களைத் திருத்திவிடுகிறேன். சூட்டுச் சீப்பு அவர் தொழில் தொடங்குவதற்கு முன்பே கடைகளில் விற்பனைக்கு இருந்தது. அவர் அதைத் தன் முடிச் சிகிச்சை முறையில் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். கோடீஸ்வரர், அதாவது பத்து லட்சம் டாலர் உடையவர், என்பதும் சற்று மிகை. தான் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை என்று 1917இல் அவரே சொல்லியிருக்கிறார். 1919 மே மாதம், 51 வயதில் அவர் இறந்தபோது மதிப்பிடப்பட்ட சொத்து ஏறத்தாழ 6 லட்சம் டாலர்.

சாரா பிரீட்லவ் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1867 டிசம்பரில், லூயிசியானா மாநிலத்தின் டெல்டா என்ற ஊரில், தன் பெற்றோர் அடிமைகளாக உழைத்த அதே பருத்தித் தோட்டத்தில் பிறந்தார். 7 வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்து, 14 வயதில் மணமாகி, 20 வயதளவில் ஒரு பெண்குழந்தையுடன் கைம்பெண்ணானார். அண்ணன்மார் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த சென்ட் லூயிஸ் நகருக்குச் சென்று, நாளொன்றுக்கு ஒன்றரை டாலருக்கும் குறைவான கூலிக்குத் துணி வெளுத்தார்.

அங்குதான் அவருக்கு முடி கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கியது. இதை அழகு சம்பந்தப்பட்ட கவலையாக மட்டும் பார்த்தால் அவருடைய தொழில் நமக்குப் புரியாது. வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாத ஏழைப் பெண்கள் தலைகுளிப்பதே அரிது; பொடுகும் புண்ணும் முற்றி, மண்டையில் வழுக்கைத் திட்டுகள் விழுவது அன்று பரவலான நோய். அவர் விற்ற களிம்பில் கந்தகம், தேன்மெழுகு, பெட்ரோலியக் களிம்பு, தேங்காய் எண்ணெய், வாடையை மறைக்க வயலெட் மணம் ஆகியவை இருந்தன. கந்தகம் பொடுகுக்குப் பழைய வைத்தியம். அடிக்கடி தலையைக் கழுவி, மண்டையைத் தேய்த்துவிட்டுக் களிம்பு தடவவேண்டும் என்பதுதான் அவர் கற்பித்த முறையின் சாரம். முடியை நேராக்குபவர் என்று தன்னை அழைப்பதை அவர் விரும்பவில்லை. தோலை வெளுக்கச் செய்யும் களிம்பை அவர் வாழ்ந்தவரை விற்கவில்லை. அவர் மறைவுக்குப் பின்னரே நிறுவனம் அதில் இறங்கியது. ஆயினும் அவருடைய சிகிச்சையின் முடிவில் சூடான சீப்பு வந்தது என்பதும், நீண்டு தொங்கும் கூந்தலே விளம்பரங்களில் காட்டப்பட்டது என்பதும் உண்மை. அந்த அளவில் உங்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிறது.

ஆனால் களிம்பை வைத்து அவரை நான் முன்னோடி என்று சொல்லவில்லை. 1908இல் பிட்ஸ்பர்க்கில் மகள் லெலியாவின் பெயரில் பயிற்சிக் கல்லூரி தொடங்கி, 1910இல் இண்டியானாபொலிஸில் தொழிற்சாலை அமைத்த அவர், வாங்க வந்த பெண்களையே விற்பவர்களாக மாற்றினார். பருத்திக்காடு, வண்ணார் தொட்டி, வெள்ளையர் வீட்டுச் சமையலறை என்ற மூன்றைத் தவிர வேறு பிழைப்பு அநேகமாக இல்லாத ஒரு சமூகத்தில், எசமானியின் முகம் பார்க்காமல் சம்பாதிக்கும் வழி ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கிடைத்தது. 1912இல் சிகாகோவில் நடந்த கறுப்பின வணிகர் மாநாட்டில் அன்றைய செல்வாக்குமிக்க கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவருக்குப் பேச வாய்ப்பளிக்காமல் காலம் கடத்திக்கொண்டே இருந்தார். கடைசி நாளில் வாக்கர் தானாகவே எழுந்து நின்று, பருத்திக்காட்டிலிருந்து துணித் தொட்டிக்கும் அங்கிருந்து சமையலறைக்கும் உயர்த்தப்பட்டவள் தான் என்றும், அதன்பின் தன்னைத் தானே உயர்த்திக்கொண்டு சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியிருப்பதாகவும் பேசினார். அடுத்த ஆண்டு மாநாட்டில் அவர் மேடையில் அமர்ந்திருந்தார்.

1917இல், அவர் துணி வெளுத்த ஊருக்கு ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள கிழக்கு சென்ட் லூயிஸில், வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று குவித்தது. சில வாரங்களில் பிலடெல்பியாவில் கூடிய அவருடைய முகவர்கள் மாநாட்டில் அதிக விற்பனைக்கு மட்டுமல்லாமல் அதிக அறப்பணிக்கும் பரிசு வழங்கப்பட்டது; கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தியும் அனுப்பப்பட்டது. தாழ்வுணர்ச்சியை மட்டும் விற்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனைக் கூட்டம் இப்படி முடிந்திருக்காது.

அவர்மேல் நான் சொல்லும் குறை வேறு. களிம்பின் செய்முறை கனவில் ஒரு கறுப்பின மனிதர் சொல்லித் தெரியவந்தது என்று அவர் கூறிவந்தார். உண்மையில் சென்ட் லூயிஸில் அவர் முதலில் விற்றது ஆனி டர்ன்போ மலோன் என்ற கறுப்பினப் பெண் தொழிலதிபர் தயாரித்த முடிக்களிம்பைத்தான். 1905இல் டென்வருக்குச் சென்றபோதும் அதே சரக்கோடுதான் சென்றார். பெண்களைப் பயிற்றுவித்து ஊர் ஊராக விற்கச் செய்யும் முறையும் ஆனியிடம் முன்பே இருந்தது. போலிகளைக் கண்டு ஏமாற வேண்டாம் என்று ஆனி எச்சரித்தார். தன் சரக்குக்கு ‘போரோ’ என்ற பெயரைப் பதிவும் செய்துகொண்டார். 1918இல் சென்ட் லூயிஸில் அவர் எழுப்பிய போரோ கல்லூரிக் கட்டடத்தில் தொழிற்சாலையோடு வகுப்பறைகளும் அரங்கமும் இருந்தன. முன்னோடி என்ற பட்டத்தை ஒருவருக்கு மட்டும்தான் தரவேண்டுமென்றால் நான் ஆனிக்கே தருவேன்.